எடிசன் துரை கொடுத்த கேரண்டி

தாமஸ் ஆல்வா எடிசன் 1883-ல் ஒரு பத்திரிகைக்காரரிடம் மனம் விட்டுப் பேசினார். மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற பேட்டரி என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அது பங்கு விற்கும் கம்பெனிகள் ஊரார் காசைப் பிடுங்கக் கண்டுபிடித்த வழி. யோக்கியமான மனுஷன்கூட அந்த வேலையில் கைவைத்த மறுநாளே, உள்ளே தூங்கிக்கிடந்த பொய் சொல்லும் திறமையெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். 1901-ல் அதே மகானுபாவர் தன் பெயரிலேயே ஒரு பேட்டரி கம்பெனி ஆரம்பித்தார். பொய்யைப் பற்றித் தான் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை அடுத்த சில வருடங்களில் தானே முன்னின்று நிரூபித்தும் காட்டினார்.

எலெக்ட்ரிக் கார் வாங்கி, வாரண்டி முடிவதற்குள் பேட்டரி படுத்து, மாற்றிக் கொடுத்த பேட்டரியும் படுத்து, சர்வீஸ் சென்டர் சோபாவில் ஓசிக் காபியோடு உட்கார்ந்திருக்கும் அன்பர்கள், உலகத்திலேயே தாங்கள்தான் முதலில் மாட்டியது என்று நொந்துகொள்ள வேண்டாம். அந்தப் பெருமையை 1904-லேயே அமெரிக்காக்காரர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு சோபாவும் கிடையாது.

அந்தக் காலத்தில் காருக்கு பேட்டரி என்றால் ஈய பேட்டரிதான். 1859-ல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. ஈயத் தகடு, கந்தக அமிலம், அவ்வளவுதான் சமாசாரம். இன்றைக்கும் நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்த நாளில் பழிவாங்குவது அதன் வாரிசுதான். வீட்டு மூலையில் அசையாமல் இருந்தால் பாவம், அது சமர்த்து. வண்டியில் ஏற்றிக் கல்பாவிய தெருவில் தடதடவென்று ஓட்டினால் தகட்டில் அப்பியிருக்கும் பசை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் ஏறிக் கெட்டிதட்டிவிடும். அமிலப் புகை மரச்சட்டத்தை அரிக்கும், சீட்டுத் துணியை அரிக்கும், முதலாளியின் பொறுமையையும் அரிக்கும். எடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயரிலேயே ஈயம் இருக்கிறது.

இந்த பேட்டரியை நம்பி ஐசக் ரைஸ் என்ற வக்கீல் பெரிய கோட்டை கட்டினார். ‘எக்ஸைட்’ பேட்டரி செய்த பிலடெல்பியா கம்பெனி அவர் கையில் இருந்தது. பேட்டரியை வாங்க ஆள் வேண்டுமே என்று நியூயார்க்கில் 1897 முதல் ஓடிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் டாக்சி கம்பெனியையும் சேர்த்து வளைத்துப்போட்டார். விற்கிறவரும் அவரே, வாங்குகிறவரும் அவரே. இடையில் பேரம் பேசி நேரம் வீணாகாது. ஐயா சதுரங்கப் பைத்தியம். தன் பெயரில் ஓர் ஆட்டத் தொடக்கமே வைத்திருந்தார். குதிரையைச் சும்மா பலிகொடுக்கும் அந்தத் தொடக்கம் தேறாது என்பது ஆட்டம் தெரிந்தவர்கள் அபிப்பிராயம். டாக்சி விஷயத்திலும் ஐயா அதே பாணியில்தான் ஆடினார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டாக்சி ஷெட்டில் நடந்த வித்தை இன்றைக்கும் பார்க்கத்தக்கது. சார்ஜ் இறங்கிய வண்டி உள்ளே வந்து நிற்கும். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள பேட்டரித் தட்டை இயந்திரக் கை இழுத்து வெளியே போடும். தலைக்கு மேல் ஓடும் கிரேன் அதைத் தூக்கிக்கொண்டு போகும். சார்ஜ் ஏறிய வேறு தட்டு உள்ளே போகும். சில நிமிடங்களில் வண்டி கிளம்பிவிடும். பேட்டரியை மாற்றிக்கொண்டு போகிற இந்த யோசனையை இப்போது ஏதோ நேற்று ராத்திரி கனவில் வந்ததுபோல் மேடையில் நின்று அறிவிக்கிறார்கள். கைதட்டவும் ஆள் இருக்கிறது.

வேகமும் குறைச்சலில்லை. 1899 மே மாதம் ஜேக்கப் ஜெர்மன் என்ற டாக்சி டிரைவரை அதிவேகத்துக்காக நியூயார்க் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. ஓட்டிய வேகம் மணிக்கு 12 மைல். துரத்திப் பிடித்த போலீஸ்காரர் வந்தது சைக்கிளில்.

ரைஸ் கம்பெனி நியூயார்க்கோடு நிற்காமல் ஊர் ஊராகக் கிளை வைத்தது. தகடு உதிர்கிற வேகத்துக்கு வசூல் ஈடுகொடுக்கவில்லை. 1907-ல் திவால். அதற்கு முன் சில காலம் அந்த எலெக்ட்ரிக் கம்பெனி எதில் பிழைத்தது தெரியுமோ? பெட்ரோல் கார்களில். செல்டன் என்பவருடைய பெட்ரோல் கார் காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, பெட்ரோல் கார் செய்கிறவர்களிடமெல்லாம் கப்பம் வசூலித்தது. கப்பம் கட்ட மாட்டேன் என்று கோர்ட்டில் நின்ற முரடர் ஒருவர் கடைசியில் 1911-ல் ஜெயித்தார். பெயர் ஹென்றி போர்டு. அவர் பின்னால் வருவார்.

எடிசன் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கை வேறு சும்மா இருந்தது. 1890-கள் முழுக்க நியூ ஜெர்சி மலையில் பாறையை உடைத்துக் காந்தத்தால் இரும்பு பிரித்தெடுக்கிறேன் என்று இறங்கி, சுமார் இருபது லட்சம் டாலரை மலையிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பியிருப்பார்கள். இவர் அடுத்த கடையை விரித்தார். ஈயமும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்; ஒரு பக்கம் நிக்கல், ஒரு பக்கம் இரும்பு, நடுவில் பொட்டாஷ் காரம். காரம் இரும்பை அரிக்காது. தகடு உதிராது. அடித்தாலும் உதைத்தாலும் தாங்கும். எடிசன் கணக்கு அது. இதே கணக்கை ஸ்வீடனில் வால்டமர் யுங்னர் என்பவர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் காப்புரிமைச் சண்டை. ஒரு பக்கம் எடிசனின் வக்கீல் பட்டாளம், இன்னொரு பக்கம் கையில் காசில்லாத ஸ்வீடன்காரர். அந்தச் சண்டையை வர்ணிக்க அதிகம் ஒன்றுமில்லை.

காரப் பரிசோதனைகள் ஆயிரக்கணக்கில் நடந்தன. மாதக்கணக்கில் ஆயிரமாயிரம் தோல்விகள் ஆன பிறகு, பழைய கூட்டாளி மல்லரி என்பவர் துக்கம் விசாரிக்கிற தோரணையில் போய் நிற்க, ‘பலன் இல்லையென்று யார் சொன்னது, எதெல்லாம் உதவாது என்று ஆயிரக்கணக்கில் தெரிந்திருக்கிறதே’ என்கிற அர்த்தத்தில் எடிசன் பதில் சொன்னாராம். இந்தப் பதிலைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் தூக்கிக்கொண்டு போய் பல்பின் தலையில் கட்டிவிட்டார்கள். அது பேட்டரியின் சொத்து. தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்.

1901 மே மாதம் எடிசனின் பழைய உதவியாளர் கென்னல்லி, மின்பொறியாளர் சங்கத்தில் புது பேட்டரியைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1902-ல் எடிசனே ஒரு பெரிய பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதம் வரும், அடுத்த வருடம் வரும் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. குதிரைகள் எல்லாம் ஓய்வுபெற்றுப் பென்ஷன் வாங்கலாம் என்கிற ரீதியில் பேச்சு. பேட்டரி மட்டும் வரவில்லை. பெரிய முதலாளிகள் மேடையேறித் தேதி சொல்வதும், தேதி தள்ளிப்போவதும், அதற்கும் ஜனங்கள் விசிலடிப்பதும் எலெக்ட்ரிக் கார் உலகத்தில் பரம்பரைச் சொத்து. இன்றைய முதலாளிகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

ஒரு வழியாக ‘ஈ’ டைப் என்ற பெயரில் பேட்டரி 1903 வாக்கில் தயாராகி, 1904-ல் வண்டிகளில் ஏறியது. பார்க்க லட்சணமாக இருக்கும். ஈய பேட்டரியின் ரப்பர் ஜாடி எங்கே, இந்த நிக்கல் முலாம் பூசிய பளபள எஃகுப் பெட்டி எங்கே! அச்சடித்த கேரண்டித் தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன? பெட்டிமேல் எடிசன் பெயர் இருக்கிறதே, அதைவிடப் பெரிய கேரண்டி யார் கொடுக்க முடியும்? கடைகளுக்குச் சரக்கு டெலிவரி செய்யும் வண்டிக்காரர்கள் ஆசையாக வாங்கினார்கள்.

சில மாதங்களில் பெட்டியின் ஓரங்களில் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தது.

என்ன நடந்ததென்றால், அந்தப் பளபளப் பெட்டியின் மூட்டுகளை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பது பொட்டாஷ் காரம். மயிரிழை கிடைத்தாலும் கசிந்து வெளியே வரக்கூடிய ஆசாமி. வெளியே வந்து காற்றுப் பட்டதும் வெள்ளை உப்பாகப் பொரிந்து நிற்கும். காலையில் வண்டிக்காரர் சீட்டுக்குக் கீழே பலகையைத் தூக்கிப் பார்ப்பார். வரிசையாகப் பத்துப் பெட்டி நன்றாக இருக்கும். பதினோராவது பெட்டியின் இடுப்பில் வெள்ளைக் கோடு. கை வைத்தால் வழுவழுவென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் எரியும். துடைத்துவிட்டுப் போவார். மறுநாள் வேறு பெட்டியில் கோடு.

கசிவாவது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது வியாதி உள்ளுக்குள். நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் அதோடு கிராபைட் தூளைக் கலந்து அடைத்திருந்தார்கள். சார்ஜ் ஏறி இறங்க, ஏறி இறங்க அந்தக் கலவை உப்பும், சுருங்கும். நாளடைவில் கிராபைட்டுக்கும் நிக்கலுக்கும் இருந்த தொடுப்பு விட்டுப்போகும். கிராபைட்டும் மெல்ல மெல்லக் கரையும். பெட்டி வெளியே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்ளே கொள்ளளவு பாதியை நோக்கி நடந்துகொண்டிருக்கும். அதுவும் எல்லாப் பெட்டியும் இல்லை. சிலது மட்டும். வரிசையாகக் கோத்த செல்களில் நாலு செல் நொண்டினால் போதும், மற்ற எல்லாம் சேர்ந்து நொண்டும். எந்த நாலு என்று கண்டுபிடிப்பதற்குள் சரக்கு வாங்க வேண்டியவர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

புகார்கள் வந்தன. வந்த பெட்டிகளை எடிசன் மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததும் அதே பேக்டரியில், அதே பற்று வைத்து, அதே கிராபைட் அடைத்து வந்த பெட்டிதானே? வாரண்டியில் மாற்றிக் கொடுக்கும் சாமானின் சூட்சுமம் இதுதான். பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு, இன்னும் பழுதாகாத அதே பொருளை வாங்கிவர வேண்டும். காசு கேட்க மாட்டார்கள். அந்தக் கௌரவத்தில் குறை வைப்பதில்லை.

இங்கேதான் எடிசன் ஒரு காரியம் செய்தார். இந்தப் பகுதியைக் கிண்டலில்லாமல் எழுதிவிடுகிறேன். விற்பனை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஈய பேட்டரியோடு மல்லுக்கட்டி அலுத்த வாடிக்கையாளர்கள், கசிந்தாலும் பரவாயில்லை, இதையே இன்னும் கொடு என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் உற்பத்தியையே நிறுத்தினார். பழுதான பெட்டிகளைத் தன் செலவில் திரும்ப வாங்கிக்கொண்டார். ‘நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை’ என்று கடிதாசி எழுதவில்லை. தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பி இயந்திரத்துக்குத் துணி போர்த்திவிட்டு மறுபடி சோதனைக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார். பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அவ்வளவையும் அவர் கிராமபோன், சினிமா வருமானத்திலிருந்துதான் எடுத்துப் போட வேண்டியிருந்தது. யாரோ ஆசையாகக் கேட்ட பாட்டெல்லாம் பொட்டாஷில் கரைந்தது.

கிண்டலுக்குத் திரும்பலாம். நிக்கல் வேண்டுமே என்று ஏற்கெனவே கனடாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். சட்பரி வட்டாரத்தில் பால்கன்பிரிட்ஜ் என்ற இடத்தில் காந்த ஊசி குத்திட்டு நின்றது. தோண்டினார்கள். புதைமணல் வந்தது. ராசியில்லாத இடம் என்று விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிற்பாடு 1928-ல் அதே இடத்தில் கம்பெனி தொடங்கியவர்கள் நிக்கல் அள்ளி அள்ளிக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். இரும்பு மலையில் இரும்பு எடுக்க முடியாதவர், நிக்கல் மலையிலிருந்து நிக்கலும் எடுக்காமல் வந்தார். பூமிக்கும் அவருக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தமில்லை.

கிராபைட்டுக்குப் பதிலாக என்ன என்று தேடிய தேட்டத்தின் முடிவு ஒரு கிறுக்குத்தனமான அழகு. செம்பு ஒரு பூச்சு, அதன்மேல் நிக்கல் ஒரு பூச்சு, மறுபடி செம்பு, மறுபடி நிக்கல் என்று மின்முலாமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். ஏறிய தகட்டைச் சின்னச் சின்ன சதுரமாக வெட்டிச் செம்பை மட்டும் கரைத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஊதினால் பறக்கிற நிக்கல் சருகு. சிறுவிரல்கூட நுழையாத எஃகுக் குழாய்க்குள் நிக்கல் ஹைட்ராக்சைடு ஒரு சிட்டிகை, சருகு ஒரு சிட்டிகை என்று நூற்றுக்கணக்கான அடுக்குகள் போட்டு இடித்து இறுக்குவார்கள். மதுரையில் பரோட்டா மாஸ்டர் விசிறி மடிக்கிற மடிப்பெல்லாம் இதற்கு முன்னால் சும்மா. பெட்டி மூட்டுக்கு ஈயப்பற்றை ஒழித்துவிட்டு வெல்டிங் வைத்தார்கள். காரத்தில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு கலந்தால் கொள்ளளவு கூடுகிறது என்றும் தெரிந்தது. ஏன் கூடுகிறது என்பது அப்போதைக்கு முக்கியமில்லை. கூடுகிறதா, போடு.

பிறகு சித்திரவதைப் படலம். பேட்டரியை ஒரு மேடையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் போட ஓர் இயந்திரம். அது பாட்டுக்கு லட்சக்கணக்கான தடவை தொப், தொப் என்று போட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி வண்டியை வேண்டுமென்றே கட்டையில் மோதவிடுவார்கள். மாடி ஜன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. ஈய பேட்டரிக்காரன் கனவில்கூடச் செய்யத் துணியாத கொடுமையெல்லாம் செய்தும் புதுப் பெட்டி அசைந்து கொடுக்கவில்லை.

1909-ல் ‘ஏ’ டைப் வெளிவந்தது, வருடக்கணக்கில் கேரண்டியோடு. இந்தத் தடவை கேரண்டி பலித்தது. பலித்தது என்றால் சாதாரணமாக இல்லை. சார்ஜ் இறங்கி மாதக்கணக்கில் போட்டுவைத்தாலும் சாகாது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றினாலும் சாகாது. பழைய காரத்தை வடித்துப் புதுக் காரம் ஊற்றினால் மறுபடி இளமை திரும்பும். அந்தக் காலத்து எடிசன் செல்களை இன்றைக்கும் உயிரோடு வைத்திருக்கும் பழைய கார் ரசிகர்கள் அமெரிக்காவில் உண்டு. வாரண்டி கொடுத்தவர் 1931-ல் காலமாகிவிட்டார். பெட்டி இன்னும் கிளெய்ம் செய்யவில்லை.

குறையே இல்லையா? இருந்தது. குளிர் ஆகாது. பனிக்காலத்தில் சோம்பிவிடும். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான், ஈயத்துக்கு 2. அதனால் அதிக செல் வேண்டும். சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் தானாக இறங்கும். விலை வேறு. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கம்பெனியில் கார் வாங்கி, ஈயத்துக்குப் பதில் எடிசன் பேட்டரி வேண்டும் என்றால் 600 டாலர் கூடுதலாக எண்ணிவைக்க வேண்டும். 1912-ல் 650 டாலருக்கு முழு பெட்ரோல் காரே வீட்டுக்கு வந்துவிடும். கார் விலைக்கு பேட்டரியா என்று வீட்டில் கேட்டால் அந்தக் காலத்து அமெரிக்கக் கணவனும் பதில் சொல்ல முடியாமல்தான் நின்றிருப்பான்.

இந்த மலிவு பெட்ரோல் காருக்கு விதை போட்டது யார்? வேறு யார், எடிசன்தான். 1896-ல் நியூயார்க் பக்கம் ஒரு விருந்து. டெட்ராய்ட்டில் எடிசன் பெயரில் ஓடும் மின்சாரக் கம்பெனியின் இளம் எஞ்சினியர் ஒருவரைக் காட்டி, இவர் பெட்ரோலில் ஓடும் வண்டி செய்திருக்கிறார் என்றார்கள். எடிசனுக்குக் காது மந்தம். பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டு மேஜையைத் தட்டி, இதுதான் சரி, விடாதே, பேட்டரி வண்டிகள் மின்நிலையத்தைவிட்டுத் தள்ளிப்போக முடியாது, உன் வண்டி தன் சரக்கைத் தானே சுமக்கிறது என்கிற பாணியில் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஹென்றி போர்டு அந்தத் தட்டலை ஜென்மத்துக்கும் மறக்கவில்லை. விடவும் இல்லை. 1908-ல் மாடல் டி வந்தது. எடிசன் சருகு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனாலும் போர்டு வீட்டில் நிலவரம் வேறு. கிளாரா அம்மாள், திருமதி போர்டு, தானாக ஓட்டிப்போக வைத்திருந்தது டெட்ராய்ட் எலெக்ட்ரிக். மாடல் டி-யைக் கிளப்ப முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுழற்ற வேண்டும். சில சமயம் அது திருப்பி உதைத்துக் கையை உடைக்கும். உலகத்துக்கெல்லாம் கைப்பிடி வண்டி விற்றவரின் மனைவிக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

அந்தக் கைப்பிடிதான் எலெக்ட்ரிக் காரின் கடைசிப் பிடிமானமாகவும் இருந்தது. 1912 கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் அதுவும் போயிற்று. பொத்தானை அழுத்தினால் பெட்ரோல் என்ஜின் எழுந்துவிடும். எழுப்பிவிட்டது எது? பேட்டரி. அதுவும் ஈய பேட்டரி. நொடிப்பொழுதில் பெருமின்சாரத்தை வாரி இறைப்பது அதற்குக் கைவந்த கலை. எடிசன் பெட்டி நிதானமாகத்தான் கொடுக்கும். ஒரு நாள் முழுக்க வண்டியை இழுக்க லாயக்கில்லை என்று பெயரெடுத்த ஈயம், ஒரே ஒரு விநாடி வேலைக்கு உலகத்துக் கார்களுக்குள்ளெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது.

குருநாதரைக் கைவிடக்கூடாது என்று 1914 ஜனவரியில் போர்டு ஓர் அறிவிப்பு விட்டார். எடிசனோடு சேர்ந்து மலிவு விலை எலெக்ட்ரிக் கார் செய்யப்போகிறோம். சோதனை வண்டியும் உருவாயிற்று. எடிசன் பேட்டரி தவிர வேறொன்றும் போடக்கூடாது என்பது போர்டின் உத்தரவு. அதைப் போட்டால் வண்டி திணறியதால் எஞ்சினியர்கள் ரகசியமாக ஈயத்தை வைத்து ஓட்டினார்கள், முதலாளி கண்டுபிடித்து ருத்ரதாண்டவம் ஆடினார் என்று ஒரு வம்பு உண்டு. வம்புக்கு நான் ஜாமீன் இல்லை. வண்டி விற்பனைக்கு வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கார் கைவிட்டாலும் எடிசன் பெட்டி பிழைத்துக்கொண்டது. ரயில் பெட்டி விளக்கு, ரயில்வே சிக்னல், சுரங்கத் தொழிலாளி தலைவிளக்கு என்று மெக்கானிக் எட்டிப்பார்க்காத இடமெல்லாம் அதற்கு வேலை கிடைத்தது. எடிசனின் பிற்கால வியாபாரங்களில் நல்ல லாபம் தந்தவற்றில் அதுவும் ஒன்று. எந்தக் காருக்காகப் பத்து லட்சம் டாலரைக் கரைத்தாரோ அந்தக் கார்கள் ஷெட்டில் தூசி படிந்து நின்றன. கேரண்டியை நிறைவேற்றும் பேட்டரி மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

1972-ல் அந்த பேட்டரி வியாபாரம் கைமாறியது. வாங்கியவர் யார் என்றால், எக்ஸைட். ஐசக் ரைஸ் வைத்திருந்த அதே ஈய பேட்டரிக் கூட்டம். எடிசன் ஒழித்துக்கட்டுகிறேன் என்று எழுபது வருடத்துக்கு முன் கிளம்பினாரே, அதே கூட்டம். மூன்று வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு 1975-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கெடாத பேட்டரியை விட்டுவைத்தால் பிழைப்பு நடக்குமா என்று இதில் சதி பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு கற்பனை இல்லை; கனமான சரக்கு, காஸ்ட்லியான சரக்கு, கணக்குப்பிள்ளை கோடு போட்டிருப்பார். நேரம் பார்த்ததில்தான் கோளாறு. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் பங்க் வாசலில் அமெரிக்கா மைல் கணக்கில் வரிசையில் நின்று, எலெக்ட்ரிக் காருக்கு நல்ல பேட்டரி எங்கேயாவது கிடைக்குமா என்று எல்லோரும் தேட ஆரம்பித்திருந்தார்கள்.